லெட்ஜர் போன பிறகு

1996ல் நான் கிளார்க்காக வங்கியில் சேர்ந்தபோது, எங்கள் கிளையின் ஒரே கம்ப்யூட்டர் மேனேஜர் அறைக்குப் பக்கத்தில் துணி போர்த்திக்கொண்டு நின்றது. வேலை முழுக்க லெட்ஜரில்தான். ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம் கனக்கும். ஒரு வித்டிராயல் ஸ்லிப் வந்தால் எழுந்து ரேக்குக்குப் போய், லெட்ஜரை உருவி, ஃபோலியோவைத் தேடி, பதிவு போட்டு, கையெழுத்து அட்டையோடு ஒப்பிட்டு, ஆபீஸர் மேஜையில் கொண்டுபோய் வைக்க வேண்டும். சாயங்காலம் டே புக் டேலி ஆகவில்லையென்றால் எல்லா ரேக்கையும் இன்னொரு சுற்று சுற்றணும். அந்த நாட்களில் யாராவது "எக்சர்சைஸ் பண்றீங்களா?" என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பேன்.

அப்புறம் கோர் பேங்கிங் வந்தது, கணக்கெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போனது. லெட்ஜர்கள் சாக்கு மூட்டையாகி ரெக்கார்டு ரூமுக்குப் போயின. எனக்கும் பதவி உயர்வு வந்து கடன் பிரிவில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் ஏழு மணிக்குத்தான் எழுந்திருப்பது. கிளையில் நடமாடிக்கொண்டிருந்தவர் எங்கள் சப்-ஸ்டாஃப் அண்ணன் ஒருவர்தான். வவுச்சர், தபால், கிளியரிங் என்று எந்நேரமும் காலில் சக்கரம். ஐம்பத்தெட்டு வயதில் அவருக்குத் தொப்பை கிடையாது, மாத்திரை கிடையாது.

லண்டன் டபுள் டெக்கர் பஸ்களை வைத்து ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் 1953ல் 'லான்செட்' இதழில் எழுதிய ஆய்வைப் பிற்பாடு படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த அண்ணன்தான். ஒரே பஸ், உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களைவிட, நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. சில வருஷம் கழித்து அதே குழு யூனிஃபார்ம் அளவுகளை எடுத்துப் பார்த்தது. டிரைவர்களின் இடுப்பளவு பெரிது. எங்கள் கிளையில் டேப்பை எடுத்திருந்தால் அதே கதைதான் தெரிந்திருக்கும்.

எனக்கு ஹெச்பிஏ1சி, அதாவது இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் டெஸ்ட், 6.3 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5 ஆனால் சர்க்கரை நோய். டாக்டர் சீட்டில் எழுதிக்கொடுத்தது ஒரே வரி: தினமும் காலையில் நாற்பத்தைந்து நிமிட நடை. காலை என்பது என் கையில் இருக்கிற சமாச்சாரம் மாதிரி! மாமியாருக்குக் காபி, இரண்டு டிபன் பாக்ஸ், தண்ணீர் மோட்டார், குக்கர் என்று எல்லாம் முடித்து, குரோம்பேட்டையில் ரயிலைப் பிடிக்க ஓடுவேன். நாலரைக்கு எழுந்து நடந்து பார்த்தேன். பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் ஒரு பார்ட்டியின் டாக்குமெண்டில் தேதியைத் தப்பாகப் போட்டேன், அத்தோடு சரி. ஜிம்மில் பெண்களுக்கான நேரம் சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு. அந்த நேரத்துக்குத்தான் நாங்கள் கேஷைக் கட்டிப் பெட்டகத்துக்குள் வைப்போம். அதற்கு இரண்டு சாவி, அதில் ஒன்று என்னிடம். வருஷச் சந்தா கட்டி ஒன்பது நாள் போனேன். அந்த ஒன்பதும் லீவு நாட்கள்.

நேரத்தை 'ஒதுக்கு' என்று சொல்பவர்களிடம் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. ஒதுக்க இருந்தால்தானே?

கடைசியில் வழி விட்டது ரயில்தான். எங்கள் கிளை பாரிமுனையில். எப்போதும் கடற்கரை ஸ்டேஷன் வரை போய் இறங்குவேன். ஒருநாள் சிக்னலில் வண்டி நின்றுகொண்டே இருந்ததில் எரிச்சல்பட்டு பார்க் ஸ்டேஷனிலேயே இறங்கி நடந்தேன். பெரிய ஆஸ்பத்திரியைத் தாண்டி, என்.எஸ்.சி. போஸ் ரோடு வழியாக, பூக்கடை வாசனை, தள்ளுவண்டி இடி எல்லாம் வாங்கிக்கொண்டு, ஹைகோர்ட்டின் சிவப்புக் கோபுரம் தெரிகிற வரை. வியர்த்து வந்தேன், ஆனால் பெரிதாக லேட் ஆகவில்லை. சிக்னலில் காத்திருக்கும் நேரமும் கடற்கரையிலிருந்து திரும்பி வரும் நேரமும் மிச்சமாயின. அன்றிலிருந்து பார்க்தான்.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. முன்பு ஒரு தடவைக்குப் பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்றிருந்தார்கள். 2020ல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். இது எனக்குப் பெரிய சலுகையாகப் பட்டது. மூன்று நிமிடப் படிக்கட்டும் வரவில் சேரும். சில்லறையாகக் கட்டும் ஆர்.டி. மாதிரி.

அடுத்தது ஸ்டாக் இன்ஸ்பெக்‌ஷன். சரக்கை ஈடாகக் காட்டி கேஷ் கிரெடிட் என்ற கடன் வாங்கிய வியாபாரிகள் மாதாமாதம் சரக்குக் கணக்கு கொடுப்பார்கள். குடோனில் அது உண்மையிலேயே இருக்கிறதா என்று வங்கியிலிருந்து போய்ப் பார்க்கணும். அதுவரை ஜூனியர் பையனைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நானே கிளம்ப ஆரம்பித்தேன். சாப்பிட்டதும் நடந்தால் தசைகள் இன்சுலினை அவ்வளவாக எதிர்பார்க்காமலே ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். கூடவே, பதிவேட்டில் என் கையெழுத்தும் விழும்.

இதில் ஒரு வெட்கமும் உண்டு. இதே தெருக்களில் துணிக்கடைப் பெண்கள் பத்து மணி நேரம் நிற்கிறார்கள். அவர்களுக்கு நாற்காலி கொடுக்கச் சொல்லி 2021ல் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. நான் நாற்காலியிலிருந்து தப்பிக்க வழி தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி முதல் மார்ச் வரை எல்லாம் கெட்டுப்போகும். வாராக்கடன் பட்டியலோடு உட்கார்ந்தால் இன்ஸ்பெக்‌ஷன் மறுபடி பையனுக்கே போய்விடும். பார்க் ஸ்டேஷன் மட்டும் தப்பும்.

போன மாதம் ஆண்டர்சன் தெருவில் ஒரு பேப்பர் வியாபாரி. நல்ல கணக்கு, ஒருநாளும் வட்டி பாக்கி வைத்ததில்லை. சரக்கு மூன்றாம் மாடியில். படி ஒரு ஆள் அகலம், பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"உட்காருங்க மேடம். பையன் மேல போய் எண்ணிட்டு வந்துடுவான். டீ சொல்லட்டுமா?"

"இல்லைங்க, நானே ஏறிப் பார்த்துடறேன்."

"போன மாசமும் நீங்களேதான் வந்தீங்க..."

"ஆமா. அடுத்த மாசமும் வருவேன்."

மேலே ரீம்களை எண்ணி, மூச்சு வாங்கி, கயிற்றைப் பிடித்து இறங்கி வருவதற்குள் அவர் கல்லாவுக்குப் பின்னால் குனிந்து தன் ஆடிட்டரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.