கரண்ட் போனால் யார் சொல்வது?

"எல்லாமே நின்னு போச்சுன்னா, நின்னு போச்சுன்னு இது எப்படிச் சொல்லும் தம்பி?"

அண்ணன் வீட்டு சர்வர் ஓடுகிறதா என்று கவனித்து, நின்றால் போனுக்குத் தகவல் அனுப்பும் மென்பொருள் அப்டைம் குமா. அதன் திரையைப் பார்த்துவிட்டு மதினி கேட்டார். செங்கோட்டையில் காலையிலிருந்து சாரல். காற்றுக்கு கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது.

சரியான கேள்வி. கண்காணிப்பதும் அதே வீட்டில், அதே பிளக்கில் இருந்தால் டெலிகிராமுக்குத் தகவல் அனுப்ப ஆளே இருக்காது.

அதனால் குமாவை வெளியே ஒரு சின்ன விபிஎஸ்ஸில் (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்) ஏற்றினேன். மானிட்டர் வகை, புஷ்: குமா போய்ப் பார்க்காது, வீட்டு சர்வர்தான் வந்து சொல்லும். அண்ணன் வீட்டு சர்வரில், குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் கிரானில், இணைய முகவரியை அழைக்கும் ஒரே ஒரு கர்ல் வரி. 60 விநாடிக்கு ஒருமுறை குமாவின் கதவைத் தட்டும். தட்டினால் பச்சைக் கோடு. தட்டல் நின்றால் சிவப்பு, அப்புறம் அலர்ட். ரூட்டரில் போர்ட் எதையும் திறக்க வேண்டியதில்லை.

ரீட்ரை, அதாவது அலர்ட் அனுப்புமுன் எத்தனை முறை பொறுத்துப் பார்ப்பது என்பதை மட்டும் 5 வைத்தேன். புளியரைப் பக்கம் கிளை முறிந்து ஒரு நிமிடம் லைன் போனதற்கெல்லாம் போன் அலறினால், மறுநாளே மியூட் போட்டுவிடுவோம். மியூட் போட்ட அலர்ட் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன?

அண்ணனுக்கு சர்வரில் இருக்கும் குடும்பப் போட்டோக்கள் பற்றித்தான் கவலை. மதினி கணக்கே வேறு.

"என்னையும் அந்த குரூப்ல சேத்து விடு. புனலூர்ல அம்மா வீட்டுக்குப் போனா, இங்க ஃப்ரிட்ஜ் ஓடுதான்னு தெரியும்லா!"