பொழுது படமுன் பரந்தன்: புதுக்குடியிருப்பிலிருந்து யாழ்ப்பாணம் போய்வர

யாழ்ப்பாணத்துக்கு ஒரு நாளில் போய்வர என்ன நேரம் வெளிக்கிட வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் விடியற்காலை நாலு, ஐந்து என்றுதான் சொல்வார்கள். வன்னியில் இருந்து போகிறவர் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். திரும்பும்போது பரந்தன் சந்தியை எத்தனை மணிக்குத் தாண்டப் போகிறீர்கள் என்பதை முதலில் குறியுங்கள். மற்ற நேரமெல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

காரணம் மாடுகள். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதி பகலில் நல்ல றோட்டு. பொழுது பட்டதும் தார் சூடு ஆறாமல் கிடக்கும், மாடுகள் அதில் வந்து படுத்துவிடும். மாரியில் இன்னும் மோசம். காணியெல்லாம் சேறு, நுளம்பு, காய்ந்த இடம் என்றால் றோட்டு மட்டும்தான். வெள்ளை மாடு லைற்றில் தெரியும். எருமை தெரியாது. கண் மின்னினால் உண்டு, தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தால் அதுவும் இல்லை.

டிசம்பரில் சூரியன் ஏறத்தாழ 5.50க்கு மறையும், ஜூலையில் 6.35க்கு. பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு ஏறத்தாழ 35 கிலோமீற்றர், மோட்டார் சைக்கிளில் 50 நிமிடம். எனவே டிசம்பரில் பரந்தனை 5 மணிக்குள் தாண்ட வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து பரந்தன் ஏறத்தாழ 60 கிலோமீற்றர். ஒரு தேத்தண்ணியும் சேர்த்து ஒன்றரை மணித்தியாலம். ஆக, பின்னேரம் 3.30க்கு யாழ்ப்பாணத்தில் வண்டி உருள வேண்டும். ஜூலையில் 4.15 வரை தாங்கும். ‘இன்னும் ஒரு கடை மட்டும்’ என்று மினக்கெடும் அரைமணிநேரம் முழுக்க விசுவமடுவுக்கும் உடையார்கட்டுக்கும் இடையில் இருட்டாக வந்து சேரும்.

போக்குக்கு மோட்டார் சைக்கிளில் இரண்டேகால் மணித்தியாலம், வானில் இரண்டு, ஓட்டோவில் இரண்டே முக்கால். ஓட்டோவுக்குச் சட்டப்படி மணிக்கு 40 கிலோமீற்றர்தான் உச்சம். மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் ஊர்மனைக்குள் 50, வெளியே 70. பரந்தனிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியின் நேரான துண்டுகளில் வேகம் தன்னை அறியாமல் ஏறும், வேகமானியுடன் பொலிஸ் நிற்பதும் அப்படியான இடங்களில்தான்.

எண்ணெய்க் கணக்கு: போய்வர 190, நகரத்துக்குள் சுற்ற 25, மொத்தம் 215 கிலோமீற்றர். 100 சிசி மோட்டார் சைக்கிள் இரண்டு பேருடன் லீற்றருக்கு 45 ஓடினால் 5 லீற்றர் போதும். நாலு ஸ்ரோக் ஓட்டோ பாரத்தோடு 22 அளவில்தான் ஓடும். 10 லீற்றர் வேண்டும், பல ஓட்டோக்களின் தாங்கியோ 8 லீற்றர்தான். நிரப்பிக்கொண்டு போனாலும் திரும்புகையில் சாவகச்சேரியில் ஒருமுறை அடித்தே ஆக வேண்டும். டொல்பின் வானுக்கு டீசல் 24 லீற்றர் வையுங்கள், ஏசி போட்டால் இரண்டு கூட்டுங்கள். பரந்தனிலும் சாவகச்சேரியிலும் பெற்றோல் செட் இருக்கிறது. ஆனால் ‘அங்கே அடிக்கலாம்’ என்று ரிசேர்வில் வெளிக்கிடுவது சரியில்லை. 2022 எண்ணெய் வரிசையைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மோட்டார் சைக்கிளை முதல்நாள் பின்னேரமே பாருங்கள், காலை ஐந்து மணிக்குப் பார்த்தால் குறை தெரியும், ஆனால் கடை திறந்திராது. காத்து முன்னுக்கு 25 பிஎஸ்ஐ, பின்னுக்குத் தனியே என்றால் 28, பின்னால் ஆள் இருந்தால் 32க்கு மேல். வண்டிக்கு வண்டி அளவு மாறும், செயின் கவரில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். அடிக்கும்போது ரயர் குளிர்ந்திருக்க வேண்டும், ஓடிய சூட்டில் அளந்தால் கூடுதலாகக் காட்டும். செயினை நடுவில் விரலால் தூக்கினால் இரண்டரை சென்ரிமீற்றர் அளவு ஆட வேண்டும். வன்னியில் உள் வீதிகளின் கிரவல் தூசு செயினில் பசை போலப் பிடித்துத் தேய்க்கும். தூசைத் துடைக்காமல் மேலே எண்ணெய் விட்டால் அது அரைக்கும் மாவுதான். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, பிறகு எண்ணெய் விடுங்கள். பெட்டிக்குள் ஒரு பிளக், பிளக் சாவி, ஒரு கிளச் வயர், இரண்டு பியூஸ், பின் ரயருக்கு ஒரு ரியூப். ரியூப் எதற்கு, ஒட்டலாம்தானே என்று கேட்பார்கள். முள்ளுக் குத்தினால் ஒட்டலாம். காத்துப் போனது தெரியாமல் இருநூறு யார் ஓடினால் வால்வு அடியோடு பிய்ந்துவிடும், அதை ஒட்ட முடியாது. கடைக்காரரிடம் ஆள் இருப்பார், உங்கள் அளவு ரியூப் இருக்காது.

கடதாசிகள்: சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம். இரவல் வண்டி என்றால் கடைசி இரண்டின் திகதியையும் வெளிக்கிடமுன் பாருங்கள், வண்டி தந்தவருக்கே ஞாபகம் இருக்காது. பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெற். ஊருக்குள் போடாமல் ஓடிப் பழகியவர்கள் பரந்தனில்தான் அதை நினைக்கிறார்கள்.

இனி வீதி. உடையார்கட்டு, விசுவமடு, தர்மபுரம், முரசுமோட்டை, பரந்தன். மாசி, பங்குனியில் காலபோக அறுவடை முடிந்ததும் றோட்டின் ஒரு பக்கம் நெல் காயும். எட்டு ஒன்பது மணிக்குப் பரப்பி, பின்னேரம் நாலரைக்குப் பிறகு அள்ளுவார்கள். காலையில் போகும்போது வெறுமையாக இருந்த வளைவில் திரும்பும்போது நெல்லும், அதைச் சுற்றிக் கல்லும் இருக்கும். நெல் அள்ளிய பிறகு அந்தக் கல்லைச் சிலவேளை எடுக்க மறந்துவிடுவார்கள், அதுதான் நெல்லைவிட ஆபத்து. நெல்லின்மேல் ரயர் ஏறினால் பிரேக் பிடிக்காதீர்கள், கியரைக் குறைத்து நேராக விட்டுவிடுங்கள்.

கார்த்திகை, மார்கழியில் இந்த வீதியைத் தீர்மானிப்பது இரணைமடு. குளத்தின் கொள்ளளவு 36 அடி. அது நெருங்கினால் வான்கதவு திறப்பார்கள், தண்ணீர் கனகராயன் ஆற்றால் கண்டாவளை, முரசுமோட்டைப் பக்கம் பரந்து சுண்டிக்குளக் கடலேரிக்குப் போகும். புதுக்குடியிருப்பில் நல்ல வெயில் அடிக்கலாம், மழை பெய்தது நேற்றுத் தெற்கே. அதனால் வானத்தைப் பார்த்து முடிவெடுக்காமல் முரசுமோட்டையில் தெரிந்த ஒருவருக்குக் காலையில் ஒரு கோல் எடுங்கள். றோட்டுக்கு மேலால் ஓடும் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருந்தாலும் மோட்டார் சைக்கிளை இறக்காதீர்கள். ஆழத்தைவிட இழுவைதான் ஆளைத் தள்ளும், தார் ஓரம் அரிந்துபோயிருப்பதும் தெரியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வெள்ளம் இந்த வீதியில் ஒரு பாலத்தையே கொண்டுபோனது. அதற்குப் பதிலாக இந்திய இராணுவப் பொறியியலாளர்கள் போட்ட 120 அடி பெய்லிப் பாலம் அதே ஆண்டு டிசம்பர் 23 அன்று திறக்கப்பட்டது. இவ்வகை இரும்புத் தளத்தில் மழை ஈரத்தோடு மோட்டார் சைக்கிள் வழுக்கும். ஏறமுன் வேகத்தைக் குறைத்துவிட்டு, மேலே பிரேக்கும் வேண்டாம், கியர் மாற்றமும் வேண்டாம்.

ஏ35 மூடியிருந்தால் ஒட்டுசுட்டான், மாங்குளம் சுற்றி ஏ9இல் ஏறலாம். ஏறத்தாழ 45 கிலோமீற்றர் கூடும், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகும். ஒட்டுசுட்டான் மாங்குளம் காட்டுத் துண்டில் பொழுது பட்டால் யானையும் கணக்கில் வரும். ஒரே லாபம் முறிகண்டி: பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், கைக்கு ஒரு பை கச்சான். ஏ35ஆல் போகிறவர்களுக்கு இரண்டும் இல்லை.

பரந்தனில் வலப்பக்கம் திரும்பினால் ஆனையிறவு. இங்கே காத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வைகாசி முதல் ஆவணி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும், இரண்டு பக்கமும் மறைப்பே இல்லாத கடலேரி. போகும்போது காத்து இடப்பக்கம், எதிரே வரும் பஸ் வலப்பக்கத்தால் போகும், பெரிதாக ஒன்றும் ஆகாது. திரும்பும்போதுதான் சிக்கல். காத்து இப்போது வலப்பக்கம், பஸ்சும் வலப்பக்கம். நீங்கள் காத்துக்கு எதிராக வண்டியை வலப்பக்கம் சாய்த்துப் பிடித்திருப்பீர்கள். பஸ் குறுக்கே வந்ததும் காத்து அறுந்து, வண்டி பஸ் பக்கம் ஒரு முழம் இழுபடும். பஸ் போனதும் காத்து ஒரேயடியாக அறைந்து றோட்டு ஓரத்துக்குத் தள்ளும். அந்த இரண்டு வினாடிக்காக வேகத்தை 45க்குக் குறைத்து, நடுக்கோட்டிலிருந்து விலகி இடம் வைத்து ஓடுங்கள். கைப்பிடியை இறுக்காமல் முழங்காலால் தாங்கியை இறுக்குங்கள். ஓட்டோவின் மேல் தட்டில் மெத்தை, பிளாஸ்ரிக் கதிரை கட்டிக்கொண்டு ஆனி, ஆடியில் இந்த இடத்தைத் தாண்டுவது கெட்டித்தனம் அல்ல, அது பாய் விரித்த தோணி.

மார்கழி, தையில் நீர் நிற்கையில் பூநாரைகள் வரும். நின்று பார்ப்பதென்றால் வண்டியைத் தாரிலிருந்து முழுதாக இறக்குங்கள், பின்னால் வருகிறவரும் பறவையைத்தான் பார்த்துக்கொண்டு வருவார். இங்குள்ள உப்புத் தொழிற்சாலை 2025இல் திரும்ப இயங்கத் தொடங்கியிருக்கிறது.

இயக்கச்சி, பளை தாண்டினால் முகமாலை. பழைய போர் முன்னரங்கு, கண்ணிவெடி புதைத்த இடம். ‘கொஞ்சம் ஒதுங்கிவிட்டு வருகிறேன்’ என்று பற்றைக்குள் போகும் இடம் இது இல்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருந்தால் அதற்கு அப்பால் ஓர் அடியும் வைக்கக்கூடாது. பலகை விழுந்தும் கிடக்கலாம் என்பதால், பலகை இல்லாத இடத்திலும் தார் ஓரத்தோடு நில்லுங்கள். பிள்ளைகளுக்குப் பரந்தனிலேயே கழிப்பறையை முடித்துவிட்டால் அடுத்த தரிப்பு கொடிகாமம். நோயாளியோ வயதானவரோ வந்தால் இதுவே முழுப் பயணத்தின் முக்கியமான தரிப்பு.

கொடிகாமத்துக்குப் பிறகு எல்லோரும் யாழ்ப்பாண நகரத்துக்குப் போகத் தேவையில்லை. பருத்தித்துறைக்கு என்றால் கொடிகாமத்திலேயே வலப்பக்கம். புத்தூர், அச்சுவேலிப் பக்கம் என்றால் மீசாலையில் வலப்பக்கம். நல்லூர், திருநெல்வேலி, பல்கலைக்கழகம் என்றால் கைதடியில் வலம் திரும்பிக் கோப்பாய், இருபாலை வழி. நகர நெரிசல் முழுவதும் மிச்சம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலைச் சுற்றி வீதிகள் பூட்டு, அந்த நாட்களில் இந்த யோசனையை மறந்துவிடுங்கள்.

பரந்தனிலிருந்து பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம், நாவற்குழி என்று இன்னொரு வழி. தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வாகனம் குறைவு, காத்துக் கூட, கடை அரிது. முன்பு வாகனத்தைப் படகுப் பாதையில் ஏற்றிக் கடந்த இடம், 2011 ஜனவரியில் 288 மீற்றர் பாலம் திறந்தது. போக்குக்கு ஏ9, காத்துக் குறைந்த மாதத்தில் வரவுக்கு இது என்று வைத்தால் பார்க்கவும் நல்லது. சோளகத்தில் ஓட்டோவுக்கு வேண்டாம்.

நகரத்தில் அலுவல்களை வரும் வரிசையில் முடியுங்கள். கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், கண்டி வீதியில், நகரத்துக்கு முன்னரே இருக்கிறது. பாஸ்போட் அலுவலகமும் 2025 செப்டெம்பர் முதல் அங்கேதான், முன்பு இதற்கு வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போக வேண்டியிருந்தது. போதனா வைத்தியசாலைக் கிளினிக் என்றால் வரிசை மாறும். நம்பர் எடுக்க ஏழுக்கு முன் நிற்க வேண்டும், ஊரில் நாலரைக்கு வெளிக்கிட வேண்டும், ஒரு மணித்தியாலம் இருட்டில்தான் ஓட வேண்டிவரும். மாடுகள் அப்போதும் எழும்பியிராது. சொந்தக்காரர் வீட்டில் முதல்நாள் இரவு தங்குவது இதற்கு எவ்வளவோ மேல். ஆஸ்பத்திரி வீதியில் மோட்டார் சைக்கிளை ஓரமாகச் செருகாமல் வாகனப் பாதுகாப்பு நிலையத்தில் விட்டுத் துண்டை வாங்குங்கள். துணி, நகை, இரும்புச் சாமான் எல்லாம் நடை தூரம்தான். பாரமானதைக் கடைசியாக வாங்குங்கள். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் அரச அலுவலகம் இல்லை, ஞாயிறில் பாதிக் கடை பூட்டு.

ஊரிலிருந்து கொண்டுபோகும் முல்லைத்தீவுக் கருவாட்டை ஏசி வானுக்குள் வைத்தால் சீலைக்கடையில் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். மூடியுள்ள வாளியில் போட்டு வாயை ரேப்பால் ஒட்டுங்கள். வரும்போது சாவகச்சேரியில் பலாப்பழம், கொடிகாமத்தில் மாம்பழம். பலாப்பழத்தைக் கரியரில் உயரக் கட்டினால் ஆனையிறவில் வால் ஆடும், ஓட்டுகிறவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் நடுவில் சாக்கில் சுற்றித் தாழ வையுங்கள்.

எவ்வளவு கணக்குப் போட்டும் பிந்திவிட்டால், பரந்தனில் நின்று கண்ணாடியைத் துடைத்து, ஹெட்லைற்றில் ஒட்டிய பூச்சியையும் துடையுங்கள். பிறகு 40க்கு மேல் போகாமல், ஒரு பஸ் வந்தால் ஐம்பது யார் இடைவெளி விட்டு அதன் பின்னால் போங்கள். மாட்டைக் கிளப்புவது பஸ்சின் ஹோர்ண்தான். ஆனால் முதலாவது எழும்பியதும் முந்தாதீர்கள், கன்று பின்னால்தான் வரும்.

மறுநாள் காலை செயினையும் பிரேக் கம்பிகளையும் நல்ல தண்ணீரால் கழுவி, காயவிட்டு எண்ணெய் விடுங்கள். ஆனையிறவு உப்பு ஒரு கிழமையில் துருவாகத் தெரியும்.