ஒரே கோட்டில் ஒரு முகம்

ஐரோப்பிய அருங்காட்சியகம் ஒன்றின் அச்சோவியப் பிரிவில் அட்டவணை தயாரிப்பது என் வேலை. செம்புத் தகட்டில் உளியால் கோடு வெட்டி, அந்தப் பள்ளங்களில் மை நிரப்பித் தாளில் எடுத்த பழைய செப்புத்தகட்டு அச்சுகள் பெட்டி பெட்டியாக மேசைக்கு வரும். அவற்றில் நிறைய தலைகள்: அழும் பேதுரு, வானத்தை அண்ணாந்து பார்க்கும் மகதலேனா மரியாள், முள்முடி சூடிய கிறிஸ்து.

நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது, பிரெஞ்சுச் செதுக்குக் கலைஞர் கிளோட் மெலான் 1649இல் செதுக்கிய 'வெரோனிக்காவின் துணி'. சிலுவை சுமந்து சென்ற கிறிஸ்துவின் முகத்தை வெரோனிக்கா துடைத்தபோது அவர் முகம் பதிந்ததாக மரபு சொல்லும் துணி அது. கிறிஸ்துவின் மூக்கு நுனியில் தொடங்கும் ஒரே ஒரு கோடு, சுருளாக விரிந்துகொண்டே போய்ப் படத்தை நிரப்புகிறது. குறுக்குக் கோடு ஒன்றுகூடக் கிடையாது. உளியை அழுத்திய இடத்தில் கோடு தடிக்கிறது, நிழல் விழுகிறது. தளர்த்திய இடத்தில் மெலிந்து வெளிச்சமாகிறது. கண்ணும் தாடியும் முள்முடியும், துணியின் அடியில் உள்ள லத்தீன் எழுத்துகளும்கூட அந்தத் தடிப்பிலும் மெலிவிலும் பிறந்தவை. வளைகோடு வெட்டும்போது செதுக்குபவர் தோல் மெத்தைமேல் வைத்த தகட்டைத்தான் உளிக்கு எதிராகத் திருப்பிக் கொடுப்பார். இந்த முகம் முடிவதற்குள் அந்தத் தகடு எத்தனை சுற்றுச் சுற்றியிருக்கும்! நினைக்கும்போதெல்லாம் மலைப்பாக இருக்கிறது.

1668இல் பிரெஞ்சு ஓவியர் ஷார்ல் லெ ப்ரன் பாரிஸ் ஓவியக் கழகத்தில் உணர்ச்சிகளைப் பற்றி உரையாற்றினார். மனக் கொந்தளிப்பை முகத்தில் மிகத் தெளிவாகக் காட்டுவது புருவம் என்பது அவர் கட்சி. அவர் வரைந்த தலைகள் பின்னர் செதுக்கப்பட்டு, ஓவிய மாணவர்களுக்குப் பாடமாயின. நல்ல பாடம்தான். ஆனால் துயரத்துக்கு ஒரு புருவம், பரவசத்துக்கு ஒரு புருவம் என்று வகுத்துவிடலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்படி வகுக்க முடியாது என்பதைத் தகட்டின் தேய்மானம்தான் எனக்குக் கற்றுத் தந்தது. செம்பு மென்மையான உலோகம். மை தடவி, துடைத்து, அச்சு உருளைக்கு அடியில் ஓட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேய்கிறது. ஆழமில்லாத கோடுகள் முதலில் மறைகின்றன. புருவத்துக்கு உளி ஆழமாக இறங்கியிருந்தால் அது நெடுநாள் நிற்கும். கீழிமை ஓரத்திலும் உதட்டு மூலையிலும் பட்டும் படாமலும் கீறிய மயிரிழைகள் நிற்பதில்லை. பிந்திய அச்சொன்றை முந்தியதன் அருகே வைத்து உருப்பெருக்கியால் பார்த்தால், அதே புருவம், அதே கண். துயரம் மட்டும் வடிந்துபோயிருக்கும்.

அட்டவணையில் 'துயருறும் கிறிஸ்து' என்று ஒரு வரி எழுதினால் வேலை முடிந்தது. நான் அதன் கீழே, இமையடிக் கோடுகள் தெளிவாக விழுந்திருக்கின்றனவா, உதட்டோரம் வெளுத்திருக்கிறதா என்பதையும் குறித்து வைக்கிறேன். ஒரே தலையின் இரண்டு அச்சுகளில் எதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது என்று ஆய்வுக்கு வருபவருக்கு அப்போதுதான் தெரியும்.