திங்கட்கிழமை காலையில் பூட்டிக்கொண்ட பிரிண்டர்

திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். அம்பாசமுத்திரம், ராதாபுரம் பக்கமிருந்தெல்லாம் மனுவோடு ஆட்கள் வந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் இங்க் டேங்க் பிரிண்டர் விளக்குகள் மின்ன நின்றுவிட்டது. இங்க் இருக்கிறது, அதைத் தாளில் தெளிக்கும் ஹெட்டிலும் கோளாறு இல்லை. இங்க் பேடின் ஆயுள் முடிந்தது என்று திரையில் ஒரு வரி.

ஹெட் கிளீனிங்கில் கழியும் இங்க்கை உள்ளே இருக்கும் பஞ்சு உறிஞ்சும், அதுதான் இங்க் பேடு. எவ்வளவு கழிந்தது என்று மெஷின் கணக்கு வைத்து, அளவு தாண்டினால் தானே நின்றுவிடும். காசு கொடுத்து வாங்கிய பொருள், என் கையாலேயே ஓட்ட முடியவில்லை.

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். பில் இல்லாமல் பேச மாட்டோம் என்றார்கள். மறுநாள் கடையை அடைத்துவிட்டு பில்லோடு போனால், கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பேடு தனியா தர்றதில்ல சார். மெஷின விட்டுட்டுப் போங்க. பத்து நாள் ஆகும், 2,200 ரூபா."

பஞ்சுக்கு 2,200 ரூபாய்! பத்து நாள் கடை என்னாவது?

ஜங்ஷன் மெக்கானிக் தம்பியிடம் தூக்கிக்கொண்டு போனேன். "இதுக்கா ரெண்டு நாளா அலையுதீய அண்ணாச்சி? பின்னால ஒரு ஸ்குருதாம்லா" என்றான். கழற்றினால் கறுத்து ஊறிய பஞ்சு, தூக்கியதும் சொட்டியது. என் விரல் இடுக்கில் ஏறிய கறை மூன்று நாள் போகவில்லை. புதுப் பஞ்சு, மெஷினின் கணக்கைப் பூஜ்யமாக்கும் ரீசெட், 400 ரூபாய், அரை மணி நேரம். கழிவுக் குழாயையும் வெளியே இழுத்து ஒரு தண்ணீர் பாட்டிலில் விட்டுக் கொடுத்தான். பாட்டில் மூடியில் காற்றுக்கு ஒரு துளை அவசியம்.

பஞ்சை மாற்றாமல் ரீசெட் மட்டும் செய்துவிடாதீர்கள், இங்க் மேஜையில் வழியும். இலவச ரீசெட் சாஃப்ட்வேர் என்று கண்டதை இறக்காதீர்கள். ஊராரின் ஆதாரும் பட்டாவும் இருக்கிற கம்ப்யூட்டர் அது. வாரண்டி பாக்கி இருந்தால், திறக்கும் முன் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். பில்லைப் போட்டோ எடுத்துப் போனில் வையுங்கள்.

மெஷின் ஓடினாலும் எனக்கு ஆறவில்லை. உதிரிபாகத்தை விற்கவே மாட்டேன் என்றால் எப்படி? பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒன்றிய அரசு 2022 டிசம்பர் 24 அன்றே ஒரு இணையதளம் தொடங்கியிருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டு, பில் நம்பரோடு புகார் வைத்தேன். நான்காம் நாள் கம்பெனியிலிருந்தே கூப்பிட்டார்கள். தனியாகக் கிடைக்காது என்ற அதே பேடு 350 ரூபாய்க்குப் பார்சலில் வந்தது. பிரிக்காமல் டிராயரில் வைத்திருக்கிறேன்.