ஹௌஸ்டீர்: ஒரு டச்சுச் சொல்லைத் தொடர்ந்து

1 ஜூலை 2024

நெதர்லாந்தில் இன்று முதல் புது விதி. பாலூட்டிகளில் 30 இனங்களை மட்டுமே வளர்க்கலாம். பட்டியலில் நாய், பூனையோடு மாடும் பன்றியும் இருக்கின்றன. செல்லப்பிராணிக்கு டச்சு மொழியில் ‘ஹௌஸ்டீர்’ என்று பெயர். ஹௌஸ் என்றால் வீடு, டீர் என்றால் விலங்கு. மாடு எப்படி இதில் சேரும் என்று தோன்றலாம். ஆனால் மனிதன் பழக்கி வளர்க்கும் எல்லா விலங்குக்கும் இதுதான் பொதுப்பெயர். உயிரியலில் இன்றும் அப்படித்தான். பேச்சுவழக்கில்தான் நாய், பூனை, முயல் என்று சுருங்கிவிட்டது.

3 ஜூலை

இன்று முழுக்க ‘டீர்’ பின்னால்தான் அலைந்தேன். ஆங்கிலத்தில் மானைக் குறிக்கும் ‘டியர்’ இதற்கு உடன்பிறப்பு. அங்கே ஒரே ஒரு விலங்கோடு நின்றுவிட்டது. 4ஆம் நூற்றாண்டில் காதிக் என்ற பழைய ஜெர்மானிய மொழியில் மொழிபெயர்த்த பைபிளில், இயேசு பாலைவனத்தில் காட்டு விலங்குகளோடு இருந்தார் என்ற இடத்தில் வருவதும் இதே சொல்தான். கொட்டில் கால்நடைக்கு டச்சில் ‘ஃபே’ என்று வேறு சொல் உண்டு. ஆக, காட்டு மிருகத்தைக் குறித்த பழஞ்சொல்தான் வீட்டோடு சேர்ந்து ‘ஹௌஸ்டீர்’ ஆகியிருக்கிறது. இன்னும் பின்னால் போனால் வேர்ப்பொருள் ‘மூச்சு விடுவது’ என்கிறார்கள் சொற்பிறப்பு அறிஞர்கள். பிராணன் உள்ளது பிராணி என்று நாம் சொல்வதும் அதுதானே! படித்ததும் மெய்சிலிர்த்தது.

7 ஜூலை

ஆர்ன்ஹெம் திறந்தவெளி அருங்காட்சியகம். கிழக்கு நெதர்லாந்தின் ‘லோஸ் ஹூஸ்’ வகைப் பண்ணைவீட்டைப் பார்க்கவே போனேன். ஒரே கூரை, நடுவில் தடுப்புச்சுவர் கிடையாது. ஒரு கோடியில் தரையிலேயே அடுப்பு. புகைபோக்கி இல்லாததால் புகை மேலே பரணுக்குப் போகும். பக்கவாட்டில் மாடுகள். அவை விடும் மூச்சில்தான் பனிக்காலத்தில் வீடு கொஞ்சம் சூடாகும். மனிதர்கள் படுத்தது சுவரோடு சேர்ந்த அலமாரி போன்ற கட்டிலில். இங்கே நின்று பார்த்தால் ‘வீட்டு விலங்கு’ என்பதில் உவமை எதுவுமில்லை, உள்ளது உள்ளபடிதான்.

10 ஜூலை

டச்சில் ‘டீர்பார்’ என்றால் அன்புக்குரிய. செல்லப்பிராணிப் பேச்சில் இதையும் விலங்கைக் குறிக்கும் ‘டீர்’ சொல்லையும் முடிச்சுப்போடத் தோன்றும், ஆனால் இது வேறு வேர். விலைமதிப்புள்ளது என்ற பொருளிலிருந்து வந்தது.

பெல்ஜியத்து டச்சுக்காரர்கள் ‘கெஸெல்ஸ்காப்ஸ்டீர்’, அதாவது துணைவிலங்கு, என்றும் சொல்கிறார்கள். ‘கெஸெல்’ என்றால் தோழன். ஆதியில் ஒரே கூடத்தில் சேர்ந்து வசிப்பவன். எனக்கு இந்தச் சொல்தான் அதிகம் பிடித்திருக்கிறது. ஹௌஸ்டீர் எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. இது யாரோடு இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறது.