வேப்பிலைக்குள் வாழும் பூஞ்சை

மொரீஷியஸில் எங்கள் வீட்டு முற்றத்து வேப்பமரத்தின் இலைகளைச் சென்ற மாதம் ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றேன். மாரியம்மன் வழிபாட்டுக்குப் பாட்டி பறிக்கும் அதே இலைகள்தாம். நான் தேடியதோ, செடிக்கு நோய் தராமல் அதன் திசுக்களுக்குள்ளேயே குடியிருக்கும் பூஞ்சைகளை.

மேற்பரப்பு நுண்ணுயிர்களை 70 விழுக்காடு எத்தனாலிலும் பிளீச்சிலும் கழுவி அழித்தபின், இலையை நறுக்கி, உருளைக்கிழங்குச் சாறு கலந்த அகார் (கடற்பாசிக் கூழ்) தட்டில் வைத்தால், சில நாள்களில் வெட்டிய விளிம்பிலிருந்து வெண்பஞ்சு போன்ற இழைகள் வெளிவரும். கடைசியாகக் கழுவிய நீரையும் தனித்தட்டில் இட்டு, எதுவும் முளைக்கவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். இதைத் தவிர்ப்பவர்களின் முடிவுகளை நான் நம்புவதில்லை.

பூஞ்சைச் சாற்றில் தோய்த்த வட்டத்தாளைச் சுற்றி, மெத்திசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா வளராமல் தெளிந்த வளையம் தோன்றினால் மனம் துள்ளுகிறது. ஆயினும் அந்த வளர்ச்சியைத் தடுத்த சேர்மம் முன்பே அறியப்பட்டதாக இருக்கலாம். மனித உயிரணுக்களையும் கொல்லலாம். அதைவிடப் பெரிய சிக்கல், செடியைப் பிரிந்து தட்டுக்குத் தட்டு மாற்றி வளர்க்கப்படும் பூஞ்சை, அச்சேர்மத்தைச் சுரப்பதையே நிறுத்திவிடுவதுண்டு.

இத்தகைய தேடலுக்குப் பொறுமை வேண்டும். இத்தாலியின் சார்டினியாத் தீவில் கழிவுநீர் கடலில் கலக்குமிடத்தில் 1945இல் ஆய்வாளர் ஜுசெப்பே ப்ரோட்சு கண்டெடுத்த பூஞ்சையின் வழிவந்த முதல் செஃபலோஸ்போரின் வகை நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, 1964இல்தான் விற்பனைக்கு வந்தது. என் மூன்றாம் எண் தட்டை நாளை மீண்டும் சோதிக்கிறேன்.