மாவு ரெண்டு டப்பா, பருப்பு ஒரு குக்கர்: ஒரு வாரத்து ராத்திரி டிபன் கணக்கு

ஏழு ராத்திரிக்கு ஏழு அயிட்டம் என்று எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிற திட்டம் பெரும்பாலும் புதன்கிழமையைத் தாண்டாது. ஏழு அயிட்டத்துக்கும் ஏழு விதமான சாமான் வாங்க வேண்டியிருக்கும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மிஞ்சும், மிஞ்சினது வாடும். வியாழக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்குப் பார்த்தால் மாவு புளித்திருக்கும், காய்க்கூடையில் ரெண்டு கேரட்தான் இருக்கும், கை தானாக போனை எடுத்து பரோட்டா ஆர்டர் போடும். வாரச் செலவில் ஓட்டை விழுவது அந்த ஒரு ராத்திரியில்தான். அதனால் இந்தக் கணக்கு மாவிலிருந்து தொடங்குகிறது. எல்லா அளவும் நாலு பேருக்கு: ரெண்டு பெரியவர்கள், பள்ளிக்கூடம் போகிற ரெண்டு பிள்ளைகள்.

ஞாயிறு மதியம் ஊறப்போட வேண்டியது: 200 கிராம் பிடிக்கிற டம்ளரில் இட்லி அரிசி 4, தோல் நீக்கிய முழு உளுந்து 1, வெந்தயம் ஒரு டீஸ்பூன். மொத்தம் ஒரு கிலோ. அரைத்தால் இரண்டரை கிலோ மாவுக்குக் குறையாது. இட்லியாக ஊற்றினால் ஐம்பது வரை வரும். ஆளுக்கு நாலு என்றால் மூன்று ராத்திரிக்கு ஓடும். அரிசி கிலோ 50 ரூபாய், உளுந்து 140 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 40-ம் 28-ம் சேர்த்து 68 ரூபாய். அதாவது கிலோ மாவு 27, 28 ரூபாய்க்குள் அடங்கும். உங்கள் தெருவில் பாக்கெட் மாவு என்ன விலை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரேஷன் புழுங்கல் அரிசியிலும் நல்ல இட்லி வரும், ஆனால் அதே அளவு போட்டால் கல்லாகும். மூன்றரை டம்ளருக்கு ஒரு டம்ளர் உளுந்து, கூடவே அரைக்கும்போது ஒரு கைப்பிடி ஊறின அவல். வாடை போக ஐந்தாறு தண்ணீர் மாற்றிக் கழுவி, ஆறு மணி நேரம் ஊற வையுங்கள்.

உளுந்துக்கு ஒன்றரை மணி நேர ஊறல் போதும். கிரைண்டரில் 25 முதல் 30 நிமிடம், தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்து அரைக்க வேண்டும். ஆரம்பத்திலேயே தண்ணீரைக் கொட்டிவிட்டால் உளுந்து கல்லில் சிக்காமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், பொங்காது. பதம் தெரிய ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சொட்டு மாவு விடுங்கள்: மிதந்தால் எடுக்கலாம், மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம். அரிசி தனியாக, நைஸ் ரவை பதத்தில். மிக்ஸிதான் இருக்கிறது என்றால் ஐஸ் தண்ணீர் ஊற்றி, நடுநடுவே நிறுத்தி அரையுங்கள். சூடேறிய உளுந்து மாவு சரியாகப் பொங்குவதில்லை.

இனிமேல்தான் முக்கியமான வேலை. உப்புப் போடுவதற்கு முன்னால் மாவை ரெண்டாகப் பிரியுங்கள். மூன்றில் ரெண்டு பங்கு பெரிய டப்பாவில், உப்புப் போட்டு, கையால் கலந்து வெளியே. மீதி ஒரு பங்கு உப்பில்லாமல் நேராக ஃப்ரிட்ஜுக்கு, கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே பின்னால். வெளியே இருக்கிற டப்பாவில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். சென்னையில் மே மாதத்தில் ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கிவிடும். சாயங்காலம் ஐந்துக்கு அரைத்தால் படுக்கப் போகுமுன் ஃப்ரிட்ஜில் ஏற்றியாக வேண்டும். மறந்தால் காலையில் மேடையெல்லாம் மாவு. மார்கழியில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும், ராத்திரி முழுக்க வெளியிலேயே இருக்கட்டும். உப்பில்லாத இரண்டாவது டப்பா குளிரில் மெதுவாகத்தான் புளிக்கும். வெள்ளிக்கிழமை மதியம் (குளிர்காலமென்றால் காலையிலேயே) எடுத்து உப்புப் போட்டு வெளியே வைத்தால் ராத்திரிக்குப் புது மாவு மாதிரியே நிற்கும். அஞ்சு நாள் பழசான ஒரே டப்பாவில் சோடா உப்புப் போட்டு ஒப்பேற்றுகிற வழக்கம் வேண்டாம். புளிப்பு அடங்கும், ஆனால் சோப்பு வாடை வரும்.

ஞாயிறு ராத்திரி மதியக் குழம்பும் சோறும். அசைவ வீடென்றால் அந்தக் குழம்பு மத்தி மீனிலோ காரப்பொடி மீனிலோ இருக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மீனை விட்டுவிட்டு முட்டைக் குழம்புக்கு மாறிவிடுவது நல்லது. புரட்டாசியில் சாப்பிடுகிற வீடுகளுக்கு யோகம், கூட்டம் குறைவு, பேரம் படியும்.

அந்த ராத்திரியே 300 கிராம் துவரம்பருப்பை மஞ்சள்தூளும் ஒரு சொட்டு எண்ணெயும் விட்டு ஒரே குக்கரில் வேகவைத்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். பாதி திங்கள் சாம்பாருக்கு, பாதி செவ்வாய் மதியக் கூட்டுக்கும் ரசத்துக்கும். இன்னொரு முறை குக்கர் ஏற்றுகிற கேஸ் மிச்சம். உப்பும் புளியும் தக்காளியும் சேர்க்காத வெந்த பருப்பு மூன்று நாள் தாங்கும், அதற்கு மேல் வைக்காதீர்கள். ரேஷன் அட்டைக்குத் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். மாதத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுவது உத்தமம், கடைசி வாரத்தில் போனால் பையோடு திரும்ப வேண்டியிருக்கும்.

ஆறு விசிலுக்கும் பருப்பு குழையவில்லையா? பருப்பு பழசாக இருக்கலாம். இல்லையென்றால் தண்ணீர்தான் காரணம். போர் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து பருப்பைக் குழையவிடாமல் கெட்டியாக்கிவிடும். பருப்புக்கு மட்டும் கேன் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், மூன்று விசிலில் வெண்ணெயாகும். புளியும் இதே வேலையைச் செய்யும். பருப்பானாலும் காயானாலும் முதலில் வெந்துவிட வேண்டும், அப்புறம்தான் புளித்தண்ணீர்.

திங்கள்: இட்லி, சாம்பார். ஞாயிறு காலை வாங்கின முருங்கைக்காயையோ முள்ளங்கியையோ இதில் போடலாம். கீரை வாங்கியிருந்தால் திங்கள் மதியமே முடித்துவிடுங்கள்.

செவ்வாய்: தோசை, வடகறி. சைதாப்பேட்டை வடகறியை வீட்டில் செய்யத் தயங்குவது எண்ணெய்க்குப் பயந்துதான், பொரிக்காமலே வரும். கடலைப்பருப்பு ஒரு டம்ளர் ரெண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைச் சுத்தமாக வடித்து, சோம்பு ஒரு ஸ்பூன், காய்ந்த மிளகாய் மூன்று, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, இட்லித் தட்டில் பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். ஆறினதும் விரலால் உதிர்த்துக்கொள்ளலாம். ரெண்டு பெரிய வெங்காயம், ரெண்டு தக்காளி, இஞ்சி பூண்டு, பட்டை, கிராம்பு வதக்கி, மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் போட்டு மூன்று டம்ளர் தண்ணீர் விட்டு நன்றாகக் கொதித்தபின் உதிர்த்ததைச் சேர்த்து ஐந்து நிமிடம். கெடுவது ரெண்டு இடத்தில். பருப்பை நைசாக அரைத்தால் குழம்பில் கரைந்து கூழாகிவிடும். குழம்பு கெட்டியாக இருக்கும்போது போட்டால் பருப்பு எல்லாத் தண்ணீரையும் குடித்துவிட்டு உப்புமா மாதிரி நிற்கும். ரசத்தைவிடச் சற்றே திக்காக இருக்கும்போது போடுங்கள், பரிமாறுகிற நேரத்துக்குச் சரியாக இருக்கும். தோசைக்குத் தேங்காயே வேண்டாம், வயிறும் நிறையும், பிள்ளைகள் ஒரு தோசை குறைத்தே எழுந்துவிடும்.

புதன்: வெண்பொங்கல், கத்தரிக்காய் கொத்சு. கத்தரிக்காய்க்கு அதுதான் கடைசி நாள். பச்சரிசி ஒன்றரை டம்ளர், லேசாக வறுத்த பாசிப்பருப்பு அரை டம்ளர், தண்ணீர் எட்டரை டம்ளர். பொங்கல் ஆறினால் இறுகும். இளக்குவதற்குக் கொதிக்கிற தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், பச்சைத் தண்ணீர் ஊற்றினால் தனித்தனியாகப் பிரியும். நெய் தாளிப்பில் முழுக்கக் கொட்டாமல் பாதி எண்ணெயில் தாளித்து, ஒரு கரண்டி நெய்யைக் கடைசியில் மேலே விடுங்கள். வாசனை அப்போதுதான் நிற்கும். முந்திரி இல்லாவிட்டால் பரவாயில்லை. அதற்குப் பதிலாக வேர்க்கடலை போடுகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை.

வியாழன்: சப்பாத்தி, முட்டைத் தொக்கு. 450 கிராம் கோதுமை மாவுக்குப் பதினாலு சப்பாத்தி. ரேஷன் கோதுமை கிடைத்தால் கழுவிக் காயவைத்து மாவு மில்லில் கொடுத்துவிடலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் பிசைந்து அரை மணி நேரம் மூடி வைத்தால் போதும், எண்ணெயும் பாலும் தேவையில்லை. ஆர்டர் போடத் தோன்றுகிற ராத்திரி இதுதான் என்பதால் காலையிலேயே வெங்காயமும் தக்காளியும் வதக்கித் தொக்கை எடுத்து வைத்துவிடுங்கள். ராத்திரி நாலு முட்டை அவித்துப் போட்டால் முடிந்தது. அதுவும் முடியாத நாளில் அம்மா உணவகம் இருக்கிறது: 3 ரூபாய்க்கு ரெண்டு சப்பாத்தியும் பருப்பும்.

வெள்ளி: இரண்டாவது டப்பா. வெங்காய ஊத்தப்பம், மாவு கொஞ்சம் மிஞ்சினால் குழிப்பணியாரம். தொட்டுக்கொள்ளக் கடலைமாவு சட்னி, பாம்பே சட்னி என்றும் சொல்வார்கள். தக்காளியும் தேங்காயும் ஒரே சமயத்தில் எகிறுகிற மாதங்களில் இதைவிட மலிவான தொடுகறி கிடையாது. மூன்று டேபிள்ஸ்பூன் கடலைமாவை ஒன்றரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சைமிளகாய், ஒரு பெரிய வெங்காயம் தாளித்து ஒரு டம்ளர் தண்ணீர் கொதிக்கும்போது கரைத்ததை ஊற்றிக் கிளறினால் ஆறு ஏழு நிமிடத்தில் பச்சை வாடை போகும். மாவை நேராகக் கொதிதண்ணீரில் தூவினால் கட்டி தட்டும், எந்தக் கரண்டியாலும் உடையாது. ஆற ஆற இறுகும், தண்ணியாக இருக்கும்போதே இறக்குங்கள்.

சனி: சாம்பார் சாதம். அரிசி ஒன்றரை டம்ளர், துவரம்பருப்பு முக்கால், தண்ணீர் எட்டு, ஒரே குக்கரில் ஐந்து விசில். காய்க்கூடையில் மிஞ்சின கோஸ், கேரட், பூசணித் துண்டு, சௌசௌ எல்லாம் தனிச் சட்டியில் முக்கால் பதம் வெந்ததும் எலுமிச்சை அளவு புளிக் கரைசலும் மூன்று ஸ்பூன் சாம்பார்தூளும் போட்டுக் கொதிக்கவிட்டு, குழைந்த சாதத்தில் கொட்டிக் கிளற வேண்டும். புளியைக் குக்கரிலேயே ஊற்றினால் பருப்பு விறைத்து நிற்கும்.

இந்த வரிசைக்கேற்பத்தான் ஞாயிறு காய் வாங்க வேண்டும்: ஒரு கட்டுக் கீரை, கால் கிலோ கத்தரிக்காய், வெங்காயம் இரண்டரை கிலோ, தக்காளி ஒன்றரை கிலோ (பாதி பழமாக, பாதி செங்காயாக), வார இறுதிக்குக் கோஸ், பூசணி போன்ற தாங்குகிற காய். நாலு பேர் வீட்டுக்கு இதற்காகக் கோயம்பேடு போனால் ஆட்டோக்காசு லாபத்தைத் தின்றுவிடும். மாடியில் மூன்று வீடு சேர்ந்து வாங்கினால் கணக்கு வேறு. கொத்தமல்லியைக் கழுவாமல், வேரை வெட்டி, பேப்பரில் சுற்றி டப்பாவில் வையுங்கள், வெள்ளிக்கிழமை ஊத்தப்பத்துக்கும் பச்சையாக இருக்கும்.

எண்ணெய்க்கு ஒரே ஏற்பாடுதான். ஞாயிற்றுக்கிழமை அரை லிட்டர் பாட்டிலில் அளந்து ஊற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள், கேனை அலமாரியில் பூட்டாவிட்டாலும் எட்டாத தட்டில் ஏற்றுங்கள். வியாழக்கிழமை பாட்டிலில் கால்வாசிக்குக் கீழே தெரிந்தால் வெள்ளிக்கிழமை பணியாரத்தை விட்டுவிட்டு மாவு முழுவதையும் இட்லியாக ஊற்றிவிடலாம்.